வலது பக்கத்து மேடு

"மறுபடியும் வலது பக்கமா?" என்று கேட்டார் பேராசிரியர்.

துக்கம் விசாரிக்க வந்தவர் குரல் அது. கண்ணாடி மேடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் ஒரு நீளக் கோடு, அதன் வலது பக்கத்தில் ஒரு மேடு. இடது பக்கம் துடைத்துவிட்டாற்போல் காலி. மேடு வர வேண்டிய இடம் அந்தக் காலிதான்.

"சாம்பிள் சரியாத்தான் சார் இருக்கு."

"மேடு தப்பா இருக்கேம்மா."

"அப்போ மேடுதான் தப்பு."

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். பன்னிரண்டு வருடமாக இந்த மாதிரிப் பதில்களைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பெருமூச்சு நன்றாகவே பழகியிருந்தது.

மேடம் மூக்குக் கண்ணாடி போடுகிறவர் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் இதில் ஒரு வாரமாவது குழம்புவார்கள். அவருடைய கண்ணாடி வேறு. விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, காகிதத்தின் கனம், ஓங்கித் தும்மினால் பறந்துவிடும் கண்ணாடித் தகடுகள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் மேலே இரண்டடுக்குக் கொழுப்புத் தோல் ஒன்று இருக்கிறதே, அந்தத் தோலைத்தான் மேடம் இந்தத் தகடுகளில் பூசுவார். கொழுப்பைக் குளோரோஃபார்மில் கரைத்து ஊசியால் சொட்டுச் சொட்டாகப் பரப்ப வேண்டும். காற்றை உறிஞ்சிவிட்ட ஜாடியில் ஒரு நாள் உலர்த்த வேண்டும். பிறகு உப்புக் கரைசல் வைத்த டப்பாவுக்குள் மூடி, இளஞ்சூட்டில் நாலைந்து நாள் ஈரம் குடிக்க விட வேண்டும். ஈரம் குடித்த கொழுப்பு தானாகவே அடுக்கடுக்காகப் படுத்துக்கொள்ளும். அப்படி முப்பது தகட்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, ஆளுயரக் காந்தத்துக்குள் அனுப்பினால், அடுக்கெல்லாம் ஒழுங்காகப் படுத்திருக்கிறதா என்று காந்தம் சொல்லிவிடும். படுத்திருந்தால் திரையில் இடது பக்கம் ஊசி மாதிரி ஒரு மேடு வரும். கன்னாபின்னாவென்று கிடந்தால் வலது பக்கம் மேடு வரும், அதிலிருந்து இடது பக்கமாக ஒரு வாலும் நீளும்.

மேடத்தின் கட்சியே இந்த வாலில்தான் இருந்தது. அவருடைய மேட்டுக்கு வால் இல்லை. கன்னாபின்னாவென்று கிடந்தால் வால் எங்கே என்று கேட்டார். கோட்டில் எப்போதும் இருக்கும் சின்னச் சின்ன இரைச்சலில் மூழ்கியிருக்கும் என்றார் பேராசிரியர். மூழ்கின வாலை எடுத்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன் என்றார் மேடம். பேராசிரியர் காட்டவில்லை. அதற்குப் பதிலாக, காந்தத்தில் உங்களுக்கு இன்னும் நாலு முறைதான் ஒதுக்க முடியும், நாலும் இப்படியே போனால் தகட்டையெல்லாம் கட்டி வைத்துவிட்டுக் குழாய் தம்பியிடம் வேலைக்குச் சேர்ந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குழாய் தம்பி மேடத்தை விட எட்டு வயது இளையவன். தகடு துடைக்கத் தெரியாமல் வந்தவனுக்குக் கையைப் பிடித்து வேலை சொல்லிக் கொடுத்ததே மேடம்தான். இப்போது அவனுக்குத் தனி அறை, தனி ஆட்கள். அவன் முறையில் கண்ணாடியே கிடையாது. கொழுப்போடு சோப்பு மாதிரி நுரைக்கிற இன்னொரு குட்டைக் கொழுப்பைக் கலக்கி, குழாயில் ஊற்றி, குளிர வைத்து, சூடாக்கி, நாலு குலுக்குக் குலுக்கிக் காந்தத்துக்குள் விட்டால் அடுக்குகள் தாமாகவே வரிசையில் நின்றுவிடும்.

"எதுக்குக்கா உயிரை விடுறீங்க?" என்பான், நல்ல மனதோடுதான். "காந்தமே அடுக்கிக்கும்க்கா."

கேட்கும்போதெல்லாம் மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் பார்க்க நினைத்தது இதயத்துச் செல்லின் தோலில் செருகி நிற்கும் ஒரு குட்டிப் புரதத்தை. சோப்பு பட்டால் அது சுருண்டு போகும். சுருண்டதைப் படம் பிடித்துவிட்டு இதுதான் இதயம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. இதை நூறு தரம் சொல்லியாயிற்று. பேராசிரியர் நூறு தரமும் தலையாட்டிவிட்டு, மேடு எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்.

உள்ளதைச் சொன்னால், மேடத்துக்குப் பயமாக இருந்தது. தான் வேலை கற்றுக் கொடுத்த பையனிடம் போய், இன்றைக்கு எத்தனை குழாய் குலுக்கட்டும் தம்பி என்று கேட்டு நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் பயம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற ஜாதி இல்லை அவர். பயம் ஏற ஏறக் குரலும் ஏறும். அந்த வாரம் மூன்று மாடிக்கும் கேட்டது.

முதல் முறைக்குப் பேராசிரியர் யோசனை சொன்னார். ஈரம் அதிகம், இன்னும் உலர்த்து. தேவையில்லை என்று மேடம் வாதாடிப் பார்த்தார். பிறகு, இவர் வாயை அடைக்கவாவது செய்து தொலைப்போம் என்று ஒரு நாளுக்குப் பதில் நாலு நாள் உலர்த்தினார். கொழுப்பு வறண்டு வெடித்துச் செதில் செதிலாக எழும்பியது. காந்தத்துக்குள் அனுப்பியபோது மேடு அதே வலது பக்கத்தில் வந்தது. இந்த முறை அதிலிருந்து மெல்லிசாக ஒரு வாலும் முளைத்திருந்தது.

பேராசிரியருக்கு ஒரே திருப்தி. "இப்போதாம்மா ஒரு தெளிவு வந்திருக்கு. புத்தகத்துல எப்படித் தப்பா இருக்கணுமோ, அப்படியே தப்பா இருக்கு."

"நீங்க சொன்னதைச் செஞ்சதால முளைச்ச வால் சார் இது. போன தடவை இல்லை."

"போன தடவை தெரியலை."

இரண்டாவது முறைக்குக் குழாய் தம்பி வந்தான். அக்கா, சார் சொன்னது நேர் எதிர். ஈரம் போதவில்லை, அதனால்தான் படுக்க மாட்டேன் என்கிறது என்றான். பேராசிரியர் சொன்னது தப்பு என்று யார் சொன்னாலும் மேடத்துக்கு அந்த நேரத்தில் தேனாக இருந்தது. ஒத்துக்கொண்டார். டப்பாவில் கரைசலை மாற்றி, ஈரத்தை ஏற்றி, எட்டு நாள் வைத்தார். ஒன்பதாம் நாள் திறந்தால் கொழுப்பு கஞ்சியாக ஓரத்தில் வழிந்து கிடந்தது. தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, விசிறி மாதிரி விரிந்திருந்தன. அதையும் துடைத்து நிமிர்த்திப் பொதிந்து உள்ளே அனுப்பினார். வால் இப்போது மேட்டை விடத் தடித்திருந்தது. தம்பி திரையைப் பார்த்துவிட்டு, ஒரு போன் வருகிறது என்று வெளியே போனவன் அன்றைக்கு முழுதும் திரும்பவில்லை.

காந்தத்தைக் கவனித்துக்கொள்ளும் மேக்னட் அண்ணன் சாம்பிளை வெளியே எடுத்துக் கொடுத்தார். அண்ணனுக்கு ஐம்பது வயது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பவர். தருவார், வாங்குவார், ஸ்க்ரூ முடுக்குவார், போய்விடுவார். அந்தக் கட்டடத்திலேயே மேடத்துக்கு யோசனை சொல்லாத ஒரே மனிதர் என்பதால் அவர் மேல் மேடத்துக்குத் தனி மரியாதை.

மூன்றாவது முறைக்கு யோசனை வீட்டிலிருந்து வந்தது. மேடத்தின் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டும் காண்ட்ராக்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார்.

"எட்டு மாசமா முப்பது டைல்ஸ்," என்றார். "என் ஆளுங்க இப்படி இருந்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

மேடம் பார்த்த பார்வையில் குரலை மாற்றிக்கொண்டு, தொழில் ரகசியத்தைச் சொன்னார். கலவை கொஞ்சமாகத் தடவ வேண்டும். ஒட்டினதும் மேலே கனம் வைக்க வேண்டும். கனம் வைக்காமல் விட்டால் எந்த டைல்ஸும் ஏறுமாறாகத்தான் நிற்கும். இதில் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டார்.

சொன்னது புருஷன் என்பதற்காகவே அதை மறுத்துவிட மேடம் முதலில் நினைத்தார். ஆனால் இரண்டு டாக்டர் பட்டம் சொன்னதையும் கேட்டுக் கெட்டாயிற்று, டைல்ஸ் காண்ட்ராக்டர் சொல்வதையும்தான் பார்த்துவிடுவோமே என்று ஒரு வீம்பு வந்தது. கொழுப்பைப் பாதியாகக் குறைத்தார். அடுக்கின் மேல் தராசிலிருந்து எடுத்த ஒரு எடைக்கல்லை வைத்தார். கல்லை வைத்துவிட்டுக் கையை எடுத்ததும் படபடவென்று அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. மிஞ்சியது பதினோரு முழுத் தகடு, மற்றதெல்லாம் துண்டு. ஒதுக்கிய முறையை விட்டுவிட்டால் அதுவும் போயிற்று என்பதால் துண்டுகளையும் சேர்த்தே பொதிந்து அனுப்பினார். திரையில் வந்ததை மேடு என்றும் சொல்ல முடியாது, வால் என்றும் சொல்ல முடியாது. பேராசிரியர் வெகு நேரம் பார்த்துவிட்டு, காந்தம் ஓடுகிறதா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அவர் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, அதுதான் கடைசி. திங்கட்கிழமை முதல் நீங்கள் குழாய் தம்பி அறையில். அங்கே உங்களுக்கு மேஜை கூடப் பார்த்தாயிற்று.

"மேஜையைக் கொஞ்சம் பொறுத்துப் போடச் சொல்லுங்க சார்," என்றார் மேடம். "போட்டுட்டுத் திரும்ப எடுக்கணும்னா அவங்களுக்குத்தான் வீண் சிரமம்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். இறங்குவதற்குள் முகத்தைத் துடைத்து, தலையை ஒதுக்கி, ஒரு முடிவுக்கும் வந்திருந்தார். இனிமேல் யார் பேச்சும் கேட்பதில்லை. முதலில் செய்த மாதிரியே, தன் கணக்குப்படியே செய்வது.

செய்தார். ஒரு நாள் உலர்த்தல், அளவான ஈரம். இளஞ்சூட்டுப் பெட்டிக்குப் போனால் அது நிறையக் குழாய் தம்பியின் குழாய்கள். வெள்ளிக்கிழமை வரை எடுக்க முடியாதுக்கா என்றான். உன் பெட்டி இல்லாவிட்டால் எனக்கு வழியே இல்லையா என்று மேடம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குளியலறைக்குப் பக்கத்தில், வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அலமாரியில், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் சொல்லி வைத்தாற்போல் நாற்பது டிகிரி. டப்பாவை அங்கே வைத்து, யாரும் தொடக் கூடாது என்று புருஷனை நிற்க வைத்துச் சொன்னார். மாமியார் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அலமாரியைத் திறந்தார். டப்பா காலியாக இருந்தது. முப்பது தகடும் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தன.

"ஒரே எண்ணெய்ப் பிசுக்கும்மா," என்றார் மாமியார். "எப்படித்தான் இவ்ளோ படிய விட்டியோ. ஒவ்வொண்ணா தேய்ச்சேன். ஒண்ணு கூட ஒடையலை பாரு."

"எதுல தேய்ச்சீங்க அத்தை?"

"பாத்திரம் கழுவுற சோப்புலதான்."

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படக் கூடத் தெம்பு வரவில்லை. கழுவும்போது அவரே முப்பதுக்கு நாலு உடைப்பார். எழுபது வயதில் ஒன்று உடையாமல் கழுவியிருக்கிறார் இந்த மனுஷி. ஏம்மா, தப்பா பண்ணிட்டேனா என்று மாமியார் முகம் வாடியது. இல்லை அத்தை, ரொம்ப சுத்தமா இருக்கு என்றார் மேடம். கடைசியில் சோப்பு வீட்டுக்குள்ளேயே வந்து ஜெயித்துவிட்டது.

பத்து நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு அவருக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டு எழுந்தது. தோற்கிறது என்று ஆகிவிட்டது, யார் சாம்பிளோடு தோற்பது? வெடித்தது பேராசிரியருடையது. வழிந்தது தம்பியுடையது. நொறுங்கியது புருஷனுடையது. மாமியாரும் தன் பங்குக்கு ஒன்று செய்துவிட்டார். தன்னுடையது என்று ஒன்றுதான் உண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் செய்த முதல் சாம்பிள். தூக்கிப் போடச் சொன்னார்கள். போடாமல் பொதிந்தபடியே ஆய்வுக்கூட ஃப்ரீசரில் வைத்திருந்தார். போகிறதென்றால் அதோடு போவோம்.

ஆய்வுக்கூடம் போய்ச் சேரும்போது பத்தரை. ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உள்ளங்கைச் சூட்டிலும் பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துப் பக்கத்திலும் வைத்துக் குளிர் போக்கினார். காந்த அறையில் மேக்னட் அண்ணன் கையில் ஈயம் பற்றவைக்கும் கோலோடு நின்றார். ஏதோ சொல்ல வந்தார். நேரமில்லை அண்ணே, உள்ள அனுப்புங்க என்று பொட்டலத்தை நீட்டிவிட்டு, மேடம் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

பேராசிரியர் வந்தார். குழாய் தம்பி வந்தான். இருவரும் பின்னால் நின்றார்கள்.

கோடு கொஞ்சம் கொஞ்சமாக வரைந்துகொண்டு வந்தது. இடது பக்கம், எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்த அந்த இடத்தில், ஊசி மாதிரி ஒரு மேடு எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

முதலில் வாயைத் திறந்தவர் பேராசிரியர். நன்றாக உலர்த்தணும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே, பார்த்தீர்களா என்றார். ஈரத்தைக் கூட்டினதும் ஒரு காரணம் சார் என்றான் தம்பி. மேடத்தின் போனில் புருஷன் கூப்பிட்டு, என்னாச்சு என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும், கனம் வைத்தாயல்லவா என்றார்.

மேடம் மூவரையும் பேச விட்டார். பேசி முடிந்ததும் நாற்காலியைத் திருப்பினார்.

"இது முதல் சாம்பிள் சார். நீங்க உலர்த்தச் சொல்றதுக்கு முன்னாடி செஞ்சது. தம்பி நனைக்கச் சொல்றதுக்கு முன்னாடி செஞ்சது. உங்க யார் அறிவும் இன்னும் இது மேல படலை."

போனில் புருஷன், அப்புறம் பேசறேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார். பேராசிரியர் திரையைப் பார்த்தார், பொதிவின் மேல் இருந்த தேதியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"அப்போ இதே சாம்பிள் எட்டு மாசம் முன்னாடி ஏம்மா வலது பக்கம் காட்டுச்சு?"

மேடத்துக்கும் அது தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் பழக்கமும் இல்லை. அப்போது மேக்னட் அண்ணன் லேசாகத் தொண்டையைச் செருமினார்.

அவர் சொன்னது இதுதான். தகடுகளை உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு சப்பையான செம்புக் கம்பிச் சுருள் உண்டு. மேடத்தின் தகடுகளுக்கென்றே செய்தது, வேறு யாரும் தொடுவதில்லை. இன்று காலை அதன் கம்பி விட்டுப் போயிற்று. மேடம் வருவதற்குள் பற்றவைத்து மாட்டிவிடலாம் என்று மாட்டினார். மாட்டும்போது சரியாகப் படுக்க வைத்து மாட்டினார். அதுவரைக்கும் அது கால் சுற்றுத் திரும்பி, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. தகடெல்லாம் படுப்பதற்குப் பதிலாக நின்றிருக்கின்றன. ஒழுங்காகத்தான் நின்றிருக்கின்றன, அதனால்தான் வால் இல்லை. நின்றால் மேடு வலது பக்கம்தானே வரும்.

"மாசா மாசம் பரிசோதிக்கிறோமே அண்ணே," என்றார் பேராசிரியர், தீனமாக.

"அந்தப் பரிசோதனைக்கு உள்ள வைக்கிறது பொடி சார். பொடியை நிக்க வச்சா என்ன, படுக்க வச்சா என்ன."

மேடம் எழுந்து நின்றார். எட்டு மாதம். உலர்த்தி, நனைத்து, உடைத்து, பஸ்ஸில் அழுது, எல்லாம் எவனோ ஒருவன் ஒரு சுருளைக் குறுக்கே மாட்டினதற்காக. குரல் மூன்று மாடிக்கும் கேட்டது.

"அதை மாட்டினவங்க யாருன்னு எனக்குத் தெரியணும். யாரா இருந்தாலும் சரி சார், உங்க ஆளா இருந்தாலும் சரி, வெளி ஆளா இருந்தாலும் சரி. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். கேட்டுட்டு, எனக்குப் பார்த்து வச்சீங்களே ஒரு மேஜை, திங்கக்கிழமை அந்த மேஜைல உக்காந்து தம்பிக்குக் குழாய் குலுக்கணும்."

பேராசிரியருக்கு வேறு வழி இல்லை. நியாயம்தான், யாராக இருந்தாலும் அப்படியே செய்துவிடலாம், இது என் வார்த்தை என்றார். தனக்கும் ஆள் தேவைதான் என்று குழாய் தம்பி ஆர்வமாகத் தலையாட்டினான். மூன்று பேரும் மேக்னட் அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் பற்றவைக்கும் கோலை மெதுவாக மேஜை மேல் வைத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் பத்திரமாகக் கட்டிக்கொண்டார்.

"நான் லீவுல இருந்தப்போ அவசரம்னு அதை மாட்டினது நீங்கதான் மேடம், திரும்பி வந்து நான் அதைத் திருப்பப் போனப்போ, தொட்டா கையை ஒடைச்சிடுவேன்னு சொன்னதும் நீங்கதான்."